முப்பத்தேழு டிகிரி

"நான் போன பிறகும் இது இருக்குமா?" என்று கேட்டான் அண்ணா.

"இருக்கும். வேண்டாம்னு நீ எழுதிக் கொடுத்தாத்தான் அழிப்பாங்க."

"எத்தனை வருஷத்துக்கு?"

"குளிர் குறையாம பாத்துக்கிட்டா எத்தனை வருஷம் வேணும்னாலும்."

பேனாவால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அப்ப உன் அண்ணிகிட்ட மூச்சு விடாதே. தினம் அதுக்கும் ஒரு தட்டுல சாப்பாடு போட்டு மூடி வெச்சுட்டுத்தான் தூங்கப் போவா."

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், வெளிறிய பச்சைத் திரைக்குப் பின்னால் நடந்த பேச்சு இது. அவனுடைய இடது முன்கையில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. அதற்கு அடியிலிருந்து ஓர் அரிசி அளவுக்குத் தோலை எடுத்திருந்தார்கள். எடுத்தது எங்கள் ஆய்வுக்கூடத்துக்காக. சம்மதப் படிவத்தை அவனிடம் நீட்டியது நான். உயிரிப் பொறியியல் படித்துவிட்டு அங்கே பயிற்சிக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லத் தெரியாது. அண்ணா மட்டும் கேட்பவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி செல்லுக்குச் சோறு ஊட்டுறா" என்று சொல்லிவைத்திருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்கப் போன கட்டடத்தில் லிஃப்ட் ஓடாதே, அதனால் எட்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறிப் போய், உச்சியில் கருவிப் பையோடு மயங்கி விழுந்தான். இரண்டு மாதத்துக்குள் அது இரண்டாவது மயக்கம். படுக்க வைத்து எடுத்த ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் டாக்டருக்குச் சந்தேகம். ஓடினால், பதறினால் மட்டும் தாளம் தப்புகிற இதயங்கள் உண்டு, அது பரம்பரையாக வருவது, ரத்தத்தைப் பரிசோதித்து உறுதி செய்ய மூன்று மாதம் ஆகும், அதுவரை ஓடாதீர்கள் என்று சொன்னார்.

படிவம் ஏழு பக்கம். மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தேடுவார்கள். அண்ணா லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக்கூட விடாமல் படிக்கிறவன், ஏழு பக்கத்தையும் படித்தான். ஆயுளுக்குப் பிறகும் செல்களை வைத்துக்கொள்ளலாமா என்ற கட்டத்தில் டிக் அடித்தான். குடும்பத்துக்குப் பயன்படும் முடிவு ஏதாவது கிடைத்தால் அவர்களுக்குத் தெரிவிக்கலாமா என்பது அடுத்த கட்டம். அதில் அவன் அடித்த டிக் அடுத்த தாளிலும் பள்ளமாக விழுந்திருந்தது.

ஓடாதே என்று சொன்னதை அவன் மறக்கவில்லை. ஆனால் கதவு மூடப் போகிற ரயிலைக் கண்டால் யாருக்கும் கால் தானாக ஓடிவிடும். பதினோரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், நடைமேடையில் விழுந்தான். சுற்றிலும் நூறு பேர் இருந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒருவருக்கும் தெரியவில்லை. பரிசோதனை முடிவு பன்னிரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. டாக்டர் நினைத்தது சரி.

அண்ணி அந்தத் தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவளுக்கு?"

இவள் என்றது மகளை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றுகிறாள் என்று அண்ணா அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். அவளுக்கும் இருந்தது.

*

அதற்குப் பிறகு பம்பரம் ஓடவில்லை.

காலையும் மாலையும் மாத்திரை. பள்ளிக்கூடத்துக்கு அண்ணியே கொண்டுபோய் விடுவார், அண்ணியே கூட்டி வருவார். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு யார் வந்து பலூன் உடைத்தாலும் அண்ணியின் முகம் வெளுத்துவிடும். குழந்தை எதையும் அடம் பிடித்துக் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்காது. ஒரு தடவை, எட்டு வயதிருக்கும், பூங்காவில் மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே என் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு பாதமும் அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. "உனக்கும் ஓடணும்னு இருக்காடா?" என்று காதோடு கேட்டேன். "கேட்டா அம்மா அழுவாங்க அத்தை" என்றாள். அதோடு காலையும் நிறுத்திவிட்டாள்.

விளையாட்டு ஆசிரியை நல்ல மனுஷி. சும்மா உட்கார வைக்க மனமில்லாமல், ஓட்டப் பந்தயங்களுக்கு நேரம் பார்க்கும் வேலையை அவளிடம் கொடுத்தார். கழுத்தில் நீல நாடாவில் ஒரு ஸ்டாப்வாட்ச். அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. பால் பொங்க எவ்வளவு நேரம், நான் தலை வாரிக்கொள்ள எவ்வளவு நேரம், அண்ணி கோபப்பட்டுப் பேசாமல் இருந்தால் எத்தனை நிமிடத்தில் பேசுவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வகுப்பில் யார் நூறு மீட்டரை எத்தனை வினாடியில் ஓடுவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் பொறாமை தெரியாது. பசித்தவர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போல, நிதானமாக, ஒன்று விடாமல் சொல்வாள்.

பத்து வயதானபோது டாக்டர் அவளை மார்பில் ஒயர்களோடு டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தார். மாத்திரை பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் வேகம் கூடியதும் நாலைந்து துடிப்புகள் தாளம் தப்பின. கூட இன்னொரு மருந்து சேர்க்கலாம், சில குடும்பங்களுக்கு அது நன்றாகக் கேட்கிறது, சிலவற்றுக்குக் கேட்பதில்லை, குழந்தைக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் நல்லது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட அவளோட அப்பாவோட செல் இருக்கு இல்லையா?"

இருந்தது. ஆள் உயரத் தொட்டியில், திரவ நைட்ரஜனில், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி குளிரில், சுண்டு விரல் அளவுக் குப்பியில், ஐந்து வருடமாக.

*

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். அவர் என்னை உட்கார வைத்து ஒரு விதி சொன்னார். சொந்தக்காரரின் செல்லை நான் வளர்க்கலாம், சாப்பாடு போடலாம். ஆனால் அளக்கக் கூடாது. பாசம் இருக்கும் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அளவெடுப்பது வேறொருவர்; எந்தக் கிண்ணத்தில் எந்த மருந்து என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவருடைய அளவெடுக்கும் பெட்டியை நான் தொடக் கூடாது, செல் வளர்க்கும் என் பெட்டியை அவர் தொடக் கூடாது.

அந்த வேறொருவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். உயரமும் ஒல்லியும் அப்படி. இவரைப் பற்றி வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு நாள் அண்ணி காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "உங்க ஒட்டடைக்குச்சி நிலைப்படியில குனிஞ்சு வருவாரா, இல்ல நாம இடிச்சுக் கட்டணுமா?" என்று கேட்டார். அண்ணா போன பிறகு அவர் செய்த முதல் கேலி அதுதான் என்று நினைக்கிறேன்.

குப்பியை எடுத்து வெந்நீர்த் தொட்டியில் ஆட்டினேன். ஒன்றரை நிமிடத்தில் பனிக்கட்டி கரைய வேண்டும். தாமதித்தால் செல் சாகும். கரைந்தது. அதைத் தட்டில் ஊற்றி, அடுத்த நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு, கால் நீட்டிப் படுத்திருந்தன. என் அண்ணனின் முன்கைத் தோல்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை எத்தனை தடவை செய்தாலும் எனக்குப் பழகவில்லை. தோலாக இருக்கும் செல்லுக்குச் சில சமிக்ஞைகள் கொடுத்து, தான் தோல் என்பதை மறக்கச் செய்கிறோம். பல வாரம் பின்னால் நடந்து நடந்து அது தன் ஆரம்பத்துக்கே போய்விடுகிறது. கண்ணாகலாம், எலும்பாகலாம், எதுவும் ஆகாமலும் இருக்கலாம் என்ற இடத்துக்கு. அங்கே போனதும் வேறு சமிக்ஞைகள் கொடுத்து, "இதயமாக வா" என்கிறோம். வா என்றால் வருகிறது. புத்தகத்தில் இதற்கு எத்தனையோ விளக்கம் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு. வெளிறிய சிவப்புத் திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது, காய்ச்சல் கிடையாது, வீட்டு விசேஷம் கிடையாது. வெளியே யாராவது எங்கள் பேச்சைக் கேட்டால் கைக்குழந்தைக்காரர்கள் என்று நினைப்பார்கள். "சாப்பாடு போட்டாச்சா?" "உன்னோடது இன்னிக்கு முகம் வாடியிருக்கு." "குளிர்ந்த சாப்பாடு ஊத்தாதே, சுருண்டுடும்."

இதயமாக வா என்று சொன்ன பதினோராம் நாள் காலை, ஏழரை மணி. நான் மட்டும். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தேன். தட்டின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

எங்கள் அறைக்குப் பின்சுவரை ஒட்டி லிஃப்ட். அது ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக அதிரும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து "துடிக்குது, துடிக்குது" என்று ஒரு தடவையாவது ஏமாந்திருக்கிறார்கள். லிஃப்ட் நின்ற பிறகு பார் என்பது இங்கே முதல் பாடம். கண்ணை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். லிஃப்ட் மேலே போனது. கதவு திறந்தது, மூடியது. கீழே வந்தது. நின்றது. கட்டடமே அமைதியானது.

மறுபடி பார்த்தேன். துடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மூலையில் தொடங்கிய சுருக்கம் பக்கத்துச் செல்லுக்குப் போய், அது அடுத்ததற்குச் சொல்லி, தட்டு முழுவதும் ஒன்றாக ஒரு முறை குறுகி விரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. மூளை இல்லை, நரம்பு இல்லை, உடம்பே இல்லை. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் கைத்தோல் அது; எட்டாம் மாடியிலும் நடைமேடையிலும் நின்றுபோன அதே வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கையைக் கூப்பியிருந்தேன் என்பது மேடம் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

*

மருந்து கேட்டது. ஒட்டடைக்குச்சி இருபத்து நான்கு கிண்ணங்களிலும் மின்முனைகள் வைத்து அளந்தார். ஓட்டத்தில் உடம்பு சுரக்கும் திரவத்தை விட்டதும் தாளம் சிதறியது. இரண்டாவது மருந்து சேர்ந்த கிண்ணங்களில் சிதறவில்லை. டாக்டர் பம்பரத்துக்கு அந்த மருந்தை ஆரம்பித்து, ஓடும் பட்டையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை. மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது, பக்கத்தில் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும், மைதானத்தில், இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் பெட்டி இருக்க வேண்டும், இந்த மூன்றும் இருந்தால் ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் பெட்டி வாங்கிவிட்டது. ஆசிரியை பயிற்சி எடுத்துவிட்டார். அண்ணியும் எடுத்தார், ரப்பர் பொம்மையின் மார்பை அவர் அழுத்திய வேகத்தைப் பார்த்து, சொல்லிக் கொடுத்தவரே பொம்மைக்காகப் பரிதாபப்பட்டார்.

மிச்சம் இருந்தது ஒரு கையெழுத்து. விளையாட்டு வகுப்பில் சேர்த்துக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் என்று ஒற்றைத் தாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பம்பரம் அதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணி அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கள், செவ்வாய், புதன், பை வேலைக்குப் போயிற்று, வந்தது. நான் ஒரு தடவை பேச்செடுத்தேன். பட்டையில் ஓடினால் பக்கத்தில் டாக்டர் நிற்கிறார், மண்ணில் யார் நிற்பார்கள் என்று கேட்டார். ஆசிரியை நிற்பார் என்றேன். அன்றைக்கும்தான் நூறு பேர் நின்றார்கள் என்றார்.

வியாழக்கிழமை அவரே என்னிடம், அந்தத் தட்டைக் காட்டுகிறாயா என்று கேட்டார். அதுவரை எத்தனையோ தடவை கூப்பிட்டும் வராதவர். மேடத்திடம் அனுமதி வாங்கினேன். ஒட்டடைக்குச்சி புது மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தார். அளவு எடுத்து முடித்தாகிவிட்டது, அவர் பெட்டியை இன்று நீயே திறந்துகொள் என்று மேடம் சொன்னார்.

அம்மாவும் மகளும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். பம்பரத்துக்குக் கோட்டு தரையைத் தொட்டது. அண்ணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார். நான் தட்டை எடுத்து வந்து அளவெடுக்கும் பெட்டியில் வைத்தேன். படம் திரையில் விழும். கூடவே, ஒவ்வொரு துடிப்புக்கும் 'டொக்' என்று ஒலிக்கும்படி ஒட்டடைக்குச்சி ஒரு பழைய ஸ்பீக்கரையும் இணைத்திருந்தார்.

திரையில் தட்டு குறுகி விரிந்தது. டொக்.

பம்பரம் வாயைத் திறந்தபடி திரையைத் தொடுகிற தூரத்துக்குப் போனாள். "இது அப்பாவா?" என்று கேட்டாள். அப்பா இல்லை, அப்பாவின் தோலிலிருந்து வளர்ந்தது, இதற்கு உன்னையோ என்னையோ தெரியாது என்றேன். மேடம் சொல்லச் சொன்னது அது. சொல்லிவிட்டேனே தவிர, என் குரலை நானே நம்பவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி எண்ண ஆரம்பித்தாள்.

அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் அந்த மார்பில் காது வைத்துத் தூங்கியவர்.

"இவ்வளவு மெதுவாவா?" என்றார்.

தட்டில் வளர்ந்தது உடம்பில் இருப்பதைப் போல இருக்காது என்று விளக்கினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "இல்ல. இப்ப இன்னும் மெதுவாகுது."

டொக். அடுத்த டொக் வர நேரமாயிற்று. அதற்கு அடுத்தது வரவே மாட்டேனென்றது. வந்தது. பம்பரத்தின் உதடு எண்ணுவதை நிறுத்தியது. திரையில் தட்டின் ஒரு மூலை மட்டும் லேசாகத் துடித்து, அதுவும் அடங்கியது. ஸ்பீக்கரில் காற்றுச் சத்தம் மட்டும்.

ஒயரை ஆட்டினேன். பெட்டியைத் திறந்து மூடினேன். முந்தின நாள் போட்ட சாப்பாட்டில் ஏதாவது தப்பா, கிருமியா, என் கையா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. மூன்று மாதம் வளர்த்ததை, எல்லாரையும் விட்டு இவர்கள் கண் முன்னாலா நான் கொல்ல வேண்டும்?

"போதும், மூடிடு" என்றார் அண்ணி. சத்தமே இல்லாத குரல். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார். சம்மதத் தாள் அந்தப் பைக்குள் இருந்தது. அது இனி வெளியே வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"அத்தை" என்றாள் பம்பரம். "இந்த லைட் எரியணுமா, எரியக் கூடாதா?"

அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது பெட்டியின் அடியில் இருந்த சின்னப் பச்சை விளக்கை. எரியவில்லை. அவள் தட்டு இருந்த பலகையை விரலால் தொட்டாள். "ஜில்லுனு இருக்கு. அதுக்குக் குளிருது."

சூடேற்றும் பலகை. அதற்குத் தனி சுவிட்ச். அரை மணி முன்பே போட்டு வைப்பது ஒட்டடைக்குச்சியின் பழக்கம். அவர் பெட்டியை நான் தொடக் கூடாது என்பதால் இத்தனை மாதத்தில் அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முப்பத்தேழு டிகிரியில் வாழ்கிற செல்லை, குளிர்சாதன அறையில், உலோகப் பலகை மேல் வைத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்துக் கடைநிலைப் பயிற்சி மாணவருக்கும் தெரிந்த விஷயம்: குளிர்ந்தால் இவை மெதுவாகும், பிறகு நிற்கும். இவர்களுக்குக் காட்டும் அவசரத்தில் எனக்கு அது மறந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. சாகவில்லை, குளிரில் நின்றிருக்கிறது, சூடு ஏறினால் மறுபடி வரலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். வரும் என்று சொல்ல தைரியமில்லை.

பம்பரம் ஸ்டாப்வாட்ச்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அழுத்தினாள்.

இருபத்தாறு டிகிரி. இருபத்தெட்டு. பெட்டியில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நானும் பம்பரமும் நின்றோம். லிஃப்ட் ஒரு தடவை போய் வந்தது, திரையில் எல்லாமே அதிர்ந்தது, நான் நம்பவில்லை. முப்பத்தொன்று. அண்ணி திடீரென்று பேசினார், யாரிடமும் இல்லாமல்.

"அன்னிக்கு அவங்க கையை நான் பிடிச்சப்ப அது இன்னும் சூடாத்தான் இருந்துச்சு."

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு.

டொக்.

லிஃப்ட் நின்றிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. திரையில், அடங்கிப்போன அதே மூலையில் ஒரு சுருக்கம். அது பக்கத்தைத் தொட்டது. பக்கம் அதன் பக்கத்தைத் தொட்டது. காலையில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் தெருவைப் போலத் தட்டு முழுவதும் கண் விழித்தது. டொக். டொக். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முப்பத்தேழைத் தொட்டபோது அந்த அறையில் எங்கள் மூன்று பேரின் மூச்சையும் விட அதுதான் சீராக இருந்தது.

அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான்" என்றார். "இந்த வேகம்தான்."

விஞ்ஞானப்படி அப்படிச் சொல்ல முடியாது. உடம்பிலிருந்த இதயத்தின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது வருடம் கேட்ட காது அது. மெதுவாகிறது என்று என்னை முந்திக்கொண்டு சொன்னதும் அந்தக் காதுதான்.

"ஆறு நிமிஷம் நாப்பத்தொரு செகண்ட்" என்றாள் பம்பரம். "லைட் எரிஞ்சதுலேர்ந்து திரும்ப ஆரம்பிச்ச வரைக்கும்." பிறகு ஏதோ கணக்குப் பார்ப்பவள் போல, "லைட் எரியலைன்னு யாராவது பாத்தா போதும். இல்லம்மா?" என்றாள்.

அண்ணி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினோரு வயது, தரையைக் கூட்டும் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் நீல நாடா. இத்தனை வருடம் அடுத்தவர்கள் ஓடியதற்கெல்லாம் நேரம் பார்த்த குழந்தை. எதுவும் கேட்காத குழந்தை. அண்ணியின் விரல்கள் பையின் வாரை விட்டுவிட்டிருந்தன.

டொக், டொக் என்று அது போய்க்கொண்டே இருந்தது. கோட்டின் அடியில், தரையைத் தொடும் துணிக்குள்ளே, பம்பரத்தின் ஒரு குதிகால் தூக்கித் தூக்கி இறங்குவதைக் கண்டேன். அவள் நாடாவைத் தலை வழியாகக் கழற்றினாள். கழற்றுவதற்குள் முடியில் சிக்கிக்கொண்டது, பொறுமையாக எடுத்தாள். ஸ்டாப்வாட்ச்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டு கையிலும் வைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, இதை நீ பிடிச்சுக்கிறியா? நான் ஓடணும்."